தொட்டி மாற்றிய செடி: வாட்டமும் மீட்சியும்

மும்பை நகரில் மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் பால்கனியின் ஓரமும் ஜன்னலின் கம்பிக் கூண்டுமே ஆகும். அந்தச் சிறிய இடத்தில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு மல்லிகை வளர்கின்றன. தாராவியின் குறுகிய சந்துகளிலோ, வாசற்படியின் பக்கத்தில் வைத்த எண்ணெய் டின்னும் பழைய வாளியுமே தொட்டிகளாகப் பயன்படுகின்றன. இவற்றுள் சில செடிகள் ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டவை. பெற்றோர் வீட்டு முற்றத்தில் நின்ற செடியின் கிளையிலிருந்து வந்தவை. அத்தகைய செடி பட்டுப்போனால் கடையில் வேறொன்று வாங்கி அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது.

செடி வளர வளரத் தொட்டி சிறியதாகிவிடுகிறது. அடித்துளையின் வழியே வேர் வெளியே தலைகாட்டுகிறது. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வற்றிவிடுகிறது. எனவே பெரிய தொட்டி ஒன்றை வாங்கி, புதிய மண் நிரப்பி, செடியை மாற்றி நடுகின்றனர். நான்கைந்து நாட்களில் இலைகள் துவண்டு தொங்குகின்றன. செடிக்குத் தாகம் என்று கருதி மேலும் நீர் ஊற்றப்படுகிறது. வாட்டம் தணியாததைக் கண்டு, சத்துக் குறைவு என்று எண்ணி உரமும் இடப்படுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் செடி கருகி நிற்கிறது. "கைராசி இல்லை" என்று கூறி வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர்.

உண்மையில் இங்குக் கைராசிக்கு வேலையே இல்லை. தொட்டி மாற்றும்போது செடி பெறும் காயம் பெரும்பாலும் தானே ஆறக்கூடியது. அக்காயம் ஆறுவதற்குள் அன்பின் மிகுதியால் செய்யப்படும் உபசாரமே பல செடிகளின் உயிரைப் போக்கிவிடுகிறது. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, மண்ணுக்குள் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வேரின் நுனி

செடியைப் பிடுங்கிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் தடித்த பழுப்பு வேர்கள் செடியை மண்ணில் ஊன்றி நிறுத்துகின்றன. உறிஞ்சிய நீரை மேலே கடத்துகின்றன. நீரை உறிஞ்சும் வேலையின் பெரும்பகுதி, வளரும் வேர்களின் வெண்ணிற நுனிகளுக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதியில் நடைபெறுகிறது. அப்பகுதியில் பஞ்சின் இழை போன்ற வேர்த்தூவிகள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு தூவியும் ஒரே ஓர் உயிரணுவின் நீட்சியே ஆகும். இவை மண் துகள்களுக்கிடையே நுழைந்து, அவற்றைச் சூழ்ந்துள்ள மெல்லிய நீர்ப்படலத்திலிருந்து நீரையும் அதில் கரைந்த உப்புக்களையும் பெறுகின்றன. ஒரு தூவியின் ஆயுள் பொதுவாகச் சில நாட்களே. மிஞ்சினால் சில வாரங்கள். பழையவை மடிய, முன்னேறும் நுனியை அடுத்துப் புதியவை தோன்றிக்கொண்டே இருக்கின்றன.

இவற்றின் எண்ணிக்கை வியப்பூட்டுவது. அமெரிக்கத் தாவர இயலறிஞர் ஹாவர்ட் டிட்மர் என்பவர் ஒரே ஒரு ரை தானியச் செடியை நான்கு மாத காலம் ஒரு பெட்டியில் வளர்த்து, அதன் வேர்களைக் கழுவி எடுத்து அளந்து, அதன் முடிவுகளை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்செடியின் வேர்களை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம் வரும் என்று அவர் கணக்கிட்டார். மும்பையிலிருந்து சென்னைக்கு ரயில் செல்லும் தூரத்தில் இது ஏறத்தாழப் பாதியாகும். வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி இருந்தன. அவற்றின் மொத்த நீளம் 10,000 கிலோமீட்டரையும் கடந்தது.

எல்லாச் செடிகளுக்கும் இதே அளவு உண்டு என்று கொள்ளுதல் கூடாது. எனினும் ஒரு பிடி மண்ணுக்குள் எத்துணை நுண்ணிய வலை பின்னப்பட்டிருக்கிறது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. தொட்டியைத் தட்டிச் செடியை உருவி, பழைய மண்ணை உதறும் சில விநாடிகளில் இந்த வலையின் பெரும்பகுதி அறுந்துபோகிறது. தடித்த வேர்கள் அப்படியே இருப்பதால் செடிக்குச் சேதமில்லை என்று தோன்றுகிறது. ஆனால் அதன் வாய்கள் மூடப்பட்டுவிட்டன. சுற்றிலும் ஈரமண் இருந்தும் செடியால் அருந்த இயலவில்லை.

இலையின் செலவு

வேரில் வரவு குறைந்தபோதிலும் இலையில் செலவு குறைவதில்லை. இலைகளின் பரப்பில், சிறப்பாக அடிப்புறத்தில், எண்ணற்ற நுண்ணிய துளைகள் உள்ளன. உணவு தயாரிப்பதற்கு வேண்டிய கரியமிலவாயு இத்துளைகளின் வழியே உட்செல்கிறது. அவை திறந்திருக்கும்போதெல்லாம் இலையினுள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. இதனை நீராவிப்போக்கு என்பர்.

இச்செலவை முதன்முதலில் முறையாக நிறுத்துப் பார்த்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஆவார். அவர் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வளர்த்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, நாள்தோறும் எடை பார்த்தார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் அச்செடி சராசரியாகச் சுமார் 20 அவுன்ஸ் நீரை, அதாவது அரை கிலோகிராமுக்குச் சற்று அதிகமான நீரை, காற்றில் செலவிட்டது. 1727ஆம் ஆண்டில் வெளியான அவரது நூலில் இப்பரிசோதனை விரிவாகக் கூறப்பட்டுள்ளது.

வெயில், வறண்ட காற்று, வீசும் காற்றின் வேகம் ஆகிய மூன்றும் இச்செலவைப் பெருக்குகின்றன. நிழலும் ஈரக்காற்றும் அதனைக் குறைக்கின்றன. வரவைவிடச் செலவு மிகும்போது உயிரணுக்களில் நீரின் அழுத்தம் தளர்கிறது. காற்றிறங்கிய பந்து போல் இலை துவள்கிறது. தொட்டி மாற்றிய செடியின் வாட்டம் இந்தக் கணக்கின் ஏற்றத்தாழ்வே ஆகும்.

இதிலிருந்து சிகிச்சையின் அடிப்படையும் புலனாகிறது. புதிய வேர்நுனிகள் தோன்றும்வரை வரவைப் பெருக்க வழியில்லை. ஆதலால் செலவைச் சுருக்குவதே செய்யத்தக்கது. ஊற்றப்படும் கூடுதல் நீர் வரவைப் பெருக்குவதில்லை. அது மண்ணில் தேங்குகிறது.

நீர் மிகுவதால் நேரும் கேடு

வேரும் உயிருள்ள உறுப்பே. அது சுவாசிக்கப் பிராணவாயு வேண்டும். நல்ல மண்ணில் துகள்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகளில் காற்று நிறைந்திருக்கும். அவ்விடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் காற்று வெளியேறுகிறது. காற்றில் பிராணவாயு பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. எனவே நீர் தேங்கிய மண்ணில் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. காயமுற்ற வேர் ஆறுவதற்கும் புதிய நுனி தோன்றுவதற்கும் அதிக ஆற்றல் தேவைப்படும் வேளையில் இது நிகழ்வதுதான் கொடுமை.

அத்துடன், பித்தியம், பைட்டாப்தோரா முதலிய அழுகல் நோய்க் கிருமிகள் ஈரமண்ணில் பெருகுகின்றன. இவற்றின் நுண்ணிய விதைத்துகள்கள் நீரில் நீந்திச் செல்லும் ஆற்றல் உடையவை. அறுந்த வேரின் காயம் அவற்றுக்குத் திறந்த கதவாகிறது. வேர் அழுகினால் நீர் உறிஞ்சுதல் மேலும் குறைகிறது. இலை மேலும் வாடுகிறது. அதைக் கண்டு மறுபடியும் நீர் ஊற்றப்படுகிறது. இவ்வாறு வாட்டமும் நீரும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலில் செடி சிக்கிக்கொள்கிறது.

உரமும் இவ்வாறே. மாவடு ஊறப்போடும் இல்லங்களில் இதற்கு விளக்கம் கண்ணெதிரே உண்டு. உருண்டு திரண்ட பிஞ்சு மாங்காய்களை உப்பில் இட்டால், சில நாட்களில் அவை சுருங்கி, ஜாடியில் நீர் விட்டிருக்கும். வெளியே உப்பின் செறிவு மிகுந்திருப்பதால் பிஞ்சினுள்ளிருந்த நீர் உயிரணுக்களின் சவ்வைக் கடந்து வெளியேறிவிடுகிறது. இதுவே சவ்வூடு பரவல் எனப்படும். யூரியா போன்ற இரசாயன உரங்கள் நீரில் கரையும்போது மண்நீரின் செறிவு உயர்கிறது. அளவு மீறினால் வேருக்குள் நீர் புகுவது கடினமாகிறது; வேரிலிருந்து நீர் வெளியேறவும் கூடும். கடலைப் புண்ணாக்கு நல்ல எருவே எனினும், காற்றோட்டமற்ற ஈரமண்ணில் அது புளித்து அழுகும்போது இருக்கும் சிறிதளவு பிராணவாயுவையும் நுண்ணுயிர்கள் செலவழித்துவிடுகின்றன. குடல் புண்பட்ட நோயாளிக்கு விருந்து படைப்பது போன்றதே வேர் அறுந்த செடிக்கு உரமிடுதல்.

வாட்டத்தின் காரணத்தைக் கண்டறிதல்

சிகிச்சைக்குமுன் வாட்டம் எவ்வகையைச் சேர்ந்தது என்று தெளிதல் வேண்டும். மூன்று வகைகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

முதலாவது, நண்பகலில் வாடி மாலையிலோ மறுநாள் காலையிலோ நிமிர்ந்துவிடும் செடி. இது சாதாரண இடமாற்ற வாட்டம். இரவில் நீராவிப்போக்கு குறைவதால் எஞ்சிய வேர்களே இலைகளை நிரப்பப் போதுமானவையாக இருக்கின்றன. இச்செடி பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இரண்டாவது, மேல்மண் ஈரமாக இருந்தும் உள்ளே வேர்க்கட்டி வறண்டிருக்கும் செடி. மும்பை நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படும் பல கன்றுகள் கருநிறப் பாலிதீன் பைகளில் பிசுபிசுப்பான செம்மண்ணில் நடப்பட்டவை. அம்மண் காய்ந்தால் செங்கல் போல் இறுகிவிடும். அதை அப்படியே தென்னை நார்க்கழிவு கலந்த இலேசான மண்ணில் வைத்தால், ஊற்றும் நீர் இலேசான மண்ணின் வழியே ஓடி அடித்துளையில் வெளியேறுகிறது, நடுக்கட்டி நனைவதில்லை. ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தண்டுக்குச் சற்று அருகே செருகி எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, மண் ஈரமாக இருந்தும் விடியற்காலையிலேயே வாடி நிற்கும் செடி. கீழ் இலைகள் மஞ்சளாகும். தொட்டியைத் தூக்கினால் கனக்கும். அடித்துளையில் துர்நாற்றம் வீசும். வேரைத் தொட்டால் மேல்தோல் கையோடு கழன்று, உள்ளே நூல் போன்ற பகுதி மட்டும் மிஞ்சும். இது வேர் அழுகலின் அறிகுறி.

இலைகள் முழுவதும் உதிர்ந்துவிட்ட கறிவேப்பிலைச் செடியை உடனே பிடுங்கி எறிதல் தவறு. தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்தல் வேண்டும். உள்ளே பசுமையும் ஈரமும் காணப்பட்டால் செடிக்கு உயிர் உண்டு. மேற்பகுதி பழுப்பாக இருந்தால் சற்றுக் கீழே கீறிப் பார்க்கலாம். பசுமை தொடங்கும் இடத்துக்கு மேலுள்ள உலர்ந்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டால் போதும்.

மீட்கும் முறை

சாதாரண இடமாற்ற வாட்டத்துக்கு நிழலே முதல் மருந்து. வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை என்ற இடத்தில் செடியைப் பத்துப் பதினைந்து நாட்கள் வைத்தல் வேண்டும். முழு இருட்டு கூடாது. இலைகள் உணவு தயாரித்தால்தான் வேர் வளரும். மும்பை ஏறத்தாழ 19 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. மே மாத நடுவில் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேராக நிற்பதால், தெற்கு நோக்கிய பால்கனியின் உட்பகுதியில் அப்போது நேர் வெயில் விழுவது குறைவு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே பால்கனியில் வெயில் நெடுந்தூரம் உள்ளே வரும். மேற்கு நோக்கிய ஜன்னலில் பிற்பகல் வெயிலோடு சிமெண்டுச் சுவரின் சூடும் சேர்கிறது. எனவே இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் பருவத்தையும் திசையையும் கருதுதல் வேண்டும். மின்விசிறியின் காற்றும் குளிர்சாதனக் கருவியின் வெப்பக் காற்றும் படாத இடமே ஏற்றது.

செடி சிறியதாயின் அதனைச் சுற்றிலும் காற்றை ஈரமாக வைத்திருக்கலாம். நான்கு குச்சிகளை நட்டு, ஒளி ஊடுருவும் பாலிதீன் பையைக் கவிழ்த்தால் போதும். நாளுக்கொரு முறை சற்று நேரம் திறந்து காற்றோட்டம் தருதல் வேண்டும். இப்பையின்மேல் வெயில் பட்டால் உள்ளே அடுப்புப் போல் சூடேறிவிடும் என்பதை மறத்தலாகாது.

இம்முறைக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. 1829ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய கண்ணாடிப் புட்டியினுள் ஒரு சிறு பெரணிச் செடி தானே முளைத்து, நீர் ஊற்றாமலே வாழ்வதைக் கண்டார். இலை விடும் ஈரம் கண்ணாடியில் துளித்து மீண்டும் மண்ணில் விழுவதே அதன் காரணம். 1833ஆம் ஆண்டில் அவர் இத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பினார். பல மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் அவை நலமாகப் போய்ச் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இப்பெட்டிகளிலேதான்.

நீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு வேண்டியதில்லை. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் அடித்துளையில் வெளிவரும்வரை நீர் ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடல் வேண்டும். இலை வாடியிருந்தும் மண் ஈரமாக இருந்தால் நீர் ஊற்றாமல் இருப்பதே மருந்து. உரத்தைப் பொறுத்தவரை, புதிய தளிர் தோன்றி விரியும்வரை, அதாவது பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை, எதுவும் இடுதல் கூடாது.

பூவும் மொட்டும் காயும் செடியின் சேமிப்பை உண்பவை. துளசியின் கதிர்களையும் மல்லிகையின் மொட்டுக்களையும் இக்காலத்தில் கிள்ளிவிடல் நன்று. ஆனால் இலைகளை மொட்டையடித்தல் நன்றன்று. 1920களின் பிற்பகுதியில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பிரிட்ஸ் வென்ட் என்பவர், தளிர் நுனிகளில் தோன்றிக் கீழ்நோக்கிச் செல்லும் வளர்ச்சிப் பொருள் ஒன்று இருப்பதைப் பரிசோதனையால் நிறுவினார். ஆக்சின் எனப்படும் அப்பொருள் புதிய வேர்கள் தோன்றத் தூண்டுகோலாக இருப்பது பின்னர் அறியப்பட்டது. தளிர்களை முற்றும் நீக்கினால் இத்தூண்டுதலும் நின்றுவிடும். வேரில் பெரும் சேதம் நேர்ந்திருந்தால் மட்டும், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம்.

வேர்க்கட்டி வறண்ட செடிக்கு வேறு சிகிச்சை வேண்டும். தொட்டியை ஒரு வாளி நீரில் விளிம்பு வரை அமிழ்த்தி, குமிழிகள் நிற்கும்வரை அரை மணி நேரம் வைத்து, பின் எடுத்து நன்றாக வடியவிடல் வேண்டும்.

அழுகல் கண்ட செடியை மட்டுமே மறுபடியும் வெளியே எடுத்தல் தகும். கருத்துக் குழைந்த வேர்களைச் சுத்தமான பிளேடால் நீக்கி, எஞ்சிய வேருக்கு ஏற்றபடி மேற்பகுதியையும் குறைத்து, புதிய மண்ணில், சிறிய தொட்டியில் நடுதல் வேண்டும். மற்றச் செடிகளை "வேர் பிடித்ததா" என்று பார்ப்பதற்காகப் பிடுங்கினால், அப்போதுதான் தோன்றிய தூவிகளும் அறுந்துபோகும்.

ஊரிலிருந்து வந்த துளசி போன்ற அருமையான செடிக்கு ஒரு பாதுகாப்பும் செய்துகொள்ளலாம். தொட்டி மாற்றும் நாளிலேயே பூக்காத இளங்கிளைகள் இரண்டு மூன்றை ஒடித்து, கீழ் இலைகளை நீக்கி, நீருள்ள கண்ணாடிக் குவளையில் வைத்தால் ஓரிரு வாரங்களில் வேர்விடும். தாய்ச்செடி போனாலும் அதன் வாரிசு வீட்டில் இருக்கும். துளசி சில ஆண்டுகளே வாழும் செடியாதலால் இப்பழக்கம் எப்போதும் பயன் தரும்.

தொட்டியும் மண்ணும்

தாராவியில் கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பு உள்ளது. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குயவர் மரபினர் அங்கே அகல்களும் பானைகளும் பூந்தொட்டிகளும் வனைந்து சூளையிடுகின்றனர். மெருகிடாத இம்மண்தொட்டியின் சுவர் முழுவதும் நுண்துளைகள் நிறைந்தது. அதன் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, மண் குளிர்கிறது, காற்றும் ஓரளவு உட்புகுகிறது. மழைக்காலத்தில் ஈரம் மிகும் மும்பைக்கு இது பெரும் நன்மையாகும். பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நீண்ட நேரம் தங்குவதால், அதில் நட்ட செடிக்கு நீர் ஊற்றுவதைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஆனால் சூளையிலிருந்து வந்த புதிய மண்தொட்டி தாகம் மிகுந்தது. அதில் நேரே நட்டால் செடிக்குச் சேரவேண்டிய நீரைச் சுவரே உறிஞ்சிக்கொள்ளும். எனவே நடுவதற்குமுன் தொட்டியைச் சில மணி நேரம் நீரில் ஊறவிடல் வேண்டும்.

தொட்டியின் அளவிலும் தவறு நேர்வதுண்டு. மறுபடியும் மாற்றும் தொல்லை வேண்டாம் என்று சிறு செடிக்கு மிகப் பெரிய தொட்டி வாங்குகின்றனர். வேர் எட்டாத மண்ணிலுள்ள நீரை உறிஞ்ச எவரும் இல்லாததால் அது தேங்கிப் புளிக்கிறது. பழைய தொட்டியைவிட விட்டத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் அதிகமாயிருந்தால் போதுமானது.

அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்ற நம்பிக்கையும் சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மண்ணின் அடிப்பகுதி முழுவதும் நீரால் நிறைந்த பின்னரே சொட்டத் தொடங்குகிறது. ஆகவே தொட்டியின் அடியில் இருக்கவேண்டிய ஈர அடுக்கு, கல்லின் உயரத்துக்கு மேலேறி வேருக்கு நெருங்கிவிடுகிறது. துளையை மண் அடைக்காதபடி ஓர் ஓட்டுச்சில்லை வளைவாகக் கவிழ்த்தாலே போதும். நீர் வடிதலுக்கு மண்ணின் கலவையே முக்கியம். செம்மண், மக்கிய எரு, பருமணல் அல்லது நார்க்கழிவு ஆகியவற்றைச் சமமாகக் கலந்தால் பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு ஏற்றது. முன்பு எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் நடுதல் வேண்டும். தண்டின் கழுத்தை மண்ணில் புதைத்தல் கூடாது.

பருவம்

மும்பையில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகிறது. பொதுவாக ஜூன் மாத நடுவையொட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் முதல் வாரங்களே தொட்டி மாற்றுவதற்கு நல்ல காலம். வானம் மேகமூட்டமாயும் காற்று ஈரமாயும் இருப்பதால் இலையின் செலவு தானே குறைகிறது. இயற்கையே பாலிதீன் பை கவிழ்த்தது போன்ற நிலை அது. ஆயினும் புதிதாக நட்ட தொட்டி அடைமழையில் நேராக நனையாதபடி கூரையின்கீழ் இருத்தல் வேண்டும்.

மழை ஓய்ந்த அக்டோபரில் வெயில் திடீரென்று கடுமையாகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் உஷ்ணம் மிகுதி. இக்காலங்களைத் தவிர்த்தல் நலம். டிசம்பர், ஜனவரியில் கறிவேப்பிலை வளர்ச்சி ஒடுங்கி, இலை உதிர்ப்பதும் உண்டு. அப்போது அதன் வேரைத் தொந்தரவு செய்தால் மீட்சி தாமதமாகும். பிப்ரவரி இறுதியில் தளிர் எழும்பும் வேளை, மழைக்கு அடுத்தபடி ஏற்றதாகும். கறிவேப்பிலையின் ஆணிவேர் தொந்தரவைப் பொறுக்காததாகையால், அதனை மண்கட்டியோடு நழுவவிட்டு நடுவதே முறை. கட்டியைச் சுற்றி வட்டமாகச் சுழன்ற வெளிவேர்களை மட்டும் மெதுவாகப் பிரித்துவிட்டால் போதுமானது.

மரத்துக்கும் இதே விதி

செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954ஆம் ஆண்டில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதனை உருவாக்கிய டாக்டர் ஹோமி பாபா (1909–1966) மரங்களிடத்துப் பெரும் பற்றுடையவர். கட்டிட வேலைக்கு இடையூறாக நின்ற வளர்ந்த மரங்களை வெட்டுவதற்கு மாறாக, வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதை அவர் விரும்பிச் செய்வித்தார். 1967 முதல் அந்நிலையம் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று அவர் பெயரால் வழங்குகிறது.

பெருமரத்தை இடம் மாற்றும்போது பின்பற்றப்படும் நெறி, பால்கனித் துளசிக்கு உரிய நெறியே. பெயர்ப்பதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பே மரத்தைச் சுற்றிக் குழி தோண்டி வேர்களைப் பகுதி பகுதியாக வெட்டுகின்றனர். வெட்டிய இடங்களை அடுத்து, மண்கட்டிக்கு உள்ளேயே, புதிய உறிஞ்சு வேர்கள் தோன்ற அவகாசம் அளிக்கின்றனர். மண்கட்டி உடையாதபடி சாக்குத்துணியால் இறுகச் சுற்றுகின்றனர். வேர் குறைந்த அளவுக்குக் கிளைகளையும் குறைக்கின்றனர். நட்டபின் காற்றில் அசையாதபடி முட்டுக் கொடுக்கின்றனர். அசைந்தால் புதிய நுனிகள் அறுபடும். இவ்வளவும் செய்தபின் பொறுமையோடு காத்திருக்கின்றனர். பொறுமையின்றிப் பெயர்க்கப்பட்ட மரங்கள் ஓரிரு ஆண்டுகளில் பட்டு நிற்பதைப் பல நகரங்களில் காணலாம்.

மீட்சியின் அடையாளம் மண்ணின் மேலே தாமதமாகவே தெரியும். முதலில் நண்பகல் வாட்டம் குறையும். பின்பு தொட்டியின் நீர் முன்னைவிட விரைவாக வற்றத் தொடங்கும். வேர் மீண்டும் அருந்துகிறது என்பதற்கு இதுவே முதற்சான்று. அதன்பின் கணுக்களில் தளிர் முனை பருக்கும். இத்தளிரின் முதல் இலை முழு அளவுக்கு விரிந்தபின், செடியை நாளுக்குச் சிறிது நேரமாக வெயிலுக்குப் பழக்கலாம். சொல்லப்பட்ட அளவில் பாதி உரத்தை நீரில் கரைத்து இடலாம். அதுவரை செடிக்கு வேண்டியவை நிழல், காற்றோட்டமுள்ள மண், அளவான ஈரம், அடிக்கடி தொந்தரவு செய்யாத கை ஆகிய நான்குமே.